ஜாக்கியைக் கூட்டிப்போனவர்

அன்று காலை எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் இருந்தவர்கள் இவ்வளவுதான். நான். எதிர்வீட்டு ஓனரம்மா, கையில் கோலப்பொடி டப்பாவோடு. பால்காரர், வண்டியை ஸ்டாண்ட் போடாமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. என் வீட்டுக்காரர், ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர், கேட் கம்பியில் சாய்த்து வைத்த போனுக்குள். தம்மம்பட்டி அக்கா. அப்புறம் எங்கள் நாய் ஜாக்கி. வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் பிற்பாடு எத்தனையோ பேர். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்மம்பட்டியிலிருந்து வந்தவர் என்பதால் தம்மம்பட்டி அக்கா. திருச்செங்கோட்டில் ஓர் இன்ஜினியரிங் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன். மதியம் போவார், பிள்ளைகளின் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வேறொருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வருவார். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார். தனியாகத்தான். ஏன் தனி என்று ஓனரம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சுக்கு மூன்று இடத்தில் ‘ங்க’ போடாவிட்டால் கோபமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். அதனால் ஆரம்பத்தில் தெருவே அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்தது.

நான் அவரிடம் பார்த்தது ஒரே ஒரு குணம்தான். கிளம்பினால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பின்னாளில் ஒருமுறை வெண்ணந்தூரில் ஒரு கல்யாணத்துக்கு நானும் ஓனரம்மாவும் அவரும் ஒன்றாகப் போனோம். பஸ் ஸ்டாண்டில் கூட்டம். பஸ் வந்ததும் அவர் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டார். நாங்கள் வருகிறோமா, நசுங்கினோமா என்று ஒரு பார்வை இல்லை. நான் பர்ஸ் இருக்கிறதா, சங்கிலி இருக்கிறதா என்று தடவிக்கொண்டே கடைசியாக ஏறினேன். உள்ளே மூன்று சீட்டில் கைக்குட்டை, பை, பொட்டலம் என்று போட்டு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“நாங்க ஏறாமப் போயிருந்தா என்னங்க்கா பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஏறிட்டீங்கல்ல?” என்றார். அவ்வளவுதான்.

நான் அப்படி இல்லை. நான் வெசனம் பிடித்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். பரீட்சைக்கு முந்தின நாள் வந்த காய்ச்சல் பரீட்சை முடிந்தும் விடவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் கேஸை மூடினேனா என்று தோன்றும். பூட்டைத் திறந்து உள்ளே போனால் மோட்டார் ஞாபகம் வரும். “நீ வெசனப்பட்டே செத்துருவ புள்ள” என்று என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு வடக்கே போய்விடுவார்.

போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிற வீடுகளில் இது வழக்கம்தான். மழைக்காலத்தில் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், மழை விட்டதும் வண்டியோடு வடக்கே போய்விடுவார்கள். போகிறவர்கள் காவலுக்கு ஒரு கேமராவை மாட்டுவார்கள், ஒரு நாயை வாங்கி விடுவார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வருஷம் எங்கள் வீட்டிலும் இரண்டும் நடந்தது. ஈரோட்டிலிருந்து ஒரு கறுப்பு லேப்ரடார் குட்டி வந்தது. வண்டியைத் தூக்குகிற ஜாக்கியின் பெயரையே வைத்தார். திருடன் வந்தால் தூக்கிவிடும் என்றார். திருடன் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு செருப்பைக் கவ்விக் கொடுக்கிற ஜாதி அது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

குட்டியிலிருந்து வளர்த்தது நான். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து விரிசல் விட்ட முட்டை அட்டை அட்டையாக மலிவாக வரும். காலையில் முட்டை, மத்தியானம் தயிர்ச்சோறு, சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த கோழிக்கால். அவன் தட்டை நக்கி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு கரண்டி போடுவேன். வெளியே விட்டதில்லை. தெருநாய் கடிக்கும், ரிவர்ஸ் எடுக்கிற லாரி ஏற்றும், எவனாவது பிடித்துப் போய் விற்றுவிடுவான். காம்பவுண்டுக்குள் இடம் இருக்கிறதே, சுற்றட்டும் என்று விட்டேன்.

இரண்டு வயதில் அவன் என்னவோ போல ஆனான். வாஷிங் மெஷின் குழாயைத் தின்றான். சுவரோரத்து மண்ணைத் தோண்டிக் குழியாக்கினான். முன்னங்காலை ரோமம் உதிர்கிற வரைக்கும் நக்கினான். கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். பழத்தையும் தின்றான். கடைசியில் டெம்போ வைத்து நாமக்கல்லில் ஒரு மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஜாக்கியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது நாயுங்களா, ஆட்டுக்கல்லுங்களா?” என்றார். “நோவு ஒண்ணுமில்லீங்க. சும்மா கெடக்குறதுதான் நோவு. காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா நல்லா நடக்க உடுங்க.”

“காம்பவுண்டுக்குள்ள அவுத்துத்தானுங்க உட்டிருக்கறேன்.”

“உங்களைப் புடிச்சு ஊட்டுக்குள்ளயே வருசக்கணக்கா இருக்கச் சொன்னா இருப்பீங்களா?”

“நான் அப்படித்தானுங்க இருக்கறேன்” என்றேன்.

டாக்டர் சீட்டை எடுத்தார். காலுக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் தம்மம்பட்டி அக்கா எங்கள் கேட்டுக்கு வந்தார். அதுவரை பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

“ஏம்மா, இவனை நடக்க வுட மாட்டீங்களா?”

“சுத்திக்கிட்டுத்தானுங்க்கா இருக்குறான், காம்பவுண்டுக்குள்ள.”

“சுத்தறது வேற, நடக்கறது வேற. நான் காலைல எப்படியும் நடக்கத்தான் போறேன். குடுங்க, கூட்டிட்டுப் போறேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க்கா செரமம்?”

“சாயந்தரமானா அத்தன பொண்ணுங்களையும் உள்ள வெச்சுப் பூட்டறேன். அதுக்குத்தான் சம்பளம். காலைல ஒண்ணையாச்சும் அவுத்து வுடறேனே.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கயிற்றைக் கொடுத்தேன். அவர் ஜாக்கியைக் கொஞ்சவில்லை, தடவவில்லை. “போலாமா?” என்றார். ஒரே தடவை. நடக்க ஆரம்பித்துவிட்டார். கயிறு தொளதொளவென்று தொங்கியது. ஜாக்கி என்னைப் பார்த்தான். அவர் முதுகைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அப்புறம் ஆடி அசைந்து அந்த முதுகின் பின்னால் போனான்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தண்ணீர் டேங்க் வரைக்கும் ரோடு தெரியும். அதற்கு அப்பால் தறிக்கூடங்களும் லாரி பாடி கட்டுகிற ஷெட்டுகளும் மறைத்துவிடும். டேங்க்கைத் தாண்டி அவர்கள் மறைந்ததும் என் மனசில் வராத விபத்து இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்தபோது ஜாக்கியின் நாக்கு தரையைத் தொட்டது. ஒரு குண்டா தண்ணீர் குடித்தான். அப்படியே படுத்தவன் மத்தியானச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆறிப்போன தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

அதன் பிறகு தினமும் வந்தார். கோடையில் ரோட்டில் இறங்கியதும் ஒரு செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தாரில் வைத்துப் பார்ப்பார். தன் கால் தாங்கினால்தான் ஜாக்கி வெளியே வரலாம். தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் கல்லெடுக்க மாட்டார், அதட்ட மாட்டார், வேகமாகவும் போக மாட்டார். தன் பாட்டுக்கு நடப்பார். அவை குரைத்து அலுத்துப் போய் நின்றுவிடும். இதையெல்லாம் மாடியிலிருந்தே பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல். ஒருநாளாவது ஒரு நாய் துரத்தி அவர் அலறியடித்து ஓடி வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் ‘போலாமா’ என்ற சொல்லைச் சொல்ல முடியாமல் போயிற்று. மகள் போனில் “தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போலாமாம்மா?” என்று கேட்டாலும் ஜாக்கி துள்ளி எழுந்து கேட்டைப் போய்ப் பிறாண்டுவான். என் வீட்டுக்காரர் வீடியோவில் பேசும்போது வேலையாட்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தொல்லை. எதிர்வீட்டு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், நான் கையில் வைத்து ஊட்டிக்கொண்டிருக்கிற முட்டை அப்படியே கீழே விழும். சோறு போடுவது நான். குளிப்பாட்டுவது நான். உண்ணி பொறுக்குவது நான். காதைத் தூக்குவது அந்தச் செருப்புக்கு.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே வயிறு முட்டத் தீனி போட்டுப் பார்த்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டே அவர் பின்னால் போனான். “இன்னைக்கு அவனுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க்கா” என்று ஒருநாள் சொன்னேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதுமே என் காலுக்கு நடுவில் புகுந்து வெளியே குதித்தான். “சொகமில்லாதவன் இப்படித்தான் குதிப்பானா?” என்று ஓனரம்மா கோலத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தபோது வாங்கிய நடைமிஷின் ஒன்று ஹாலில் துணி காயப்போடும் கொடியாக நின்றது. ஒரு மத்தியானம் துணிகளை எடுத்துவிட்டு ஜாக்கியை அதில் ஏற்றினேன். முன்னால் ஒரு முட்டையை நீட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். பட்டை நகர்ந்தது. ஜாக்கி நகரவில்லை. நின்ற நிலையிலேயே பின்னால் போய்ப் பொத்தென்று சோபாவில் விழுந்தான். விழுந்தவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அதிலிருந்து அந்த மிஷின் ‘பீப்’ என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

ஆனால் அவன் உடம்பு இறங்கிவிட்டது. கால் புண் ஆறி ரோமம் முளைத்தது. குழி தோண்டுவதை விட்டான். நாமக்கல் டாக்டர் பார்த்துவிட்டு, “பரவாயில்லீங்களே, யாருங்க நடத்துறது?” என்று கேட்டார்.

“நான்தானுங்க” என்றேன்.

அதற்கு அப்புறம் சில நாளில்தான் முதலில் சொன்ன அந்தக் காலை வந்தது. என் வீட்டுக்காரர் ஜாக்கியைப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் வந்திருந்தார். அக்கா படியிறங்கி வந்தார். ஜாக்கி போனையும் என்னையும் தள்ளிவிட்டு அவரிடம் ஓடினான். பால்காரர் சிரித்தார்.

“ஏனுங் அம்மிணி, இந்த நாய் உங்க ஊட்டு நாயா, மாடி ஊட்டு நாயான்னே தெரியலீங்களே.”

“எங்க ஊட்டு நாய்தானுங்க” என்றேன்.

“நாய்கிட்ட கேட்டுட்டீங்களா?” என்றார் ஓனரம்மா.

போனுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர், “அதையும் பாத்துருவம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா நின்னு கூப்புடுங்க. ஆருகிட்ட வாரான்னு தெரிஞ்சிரும்” என்றார். அவருக்கு அங்கே பொழுது போகவில்லை.

அக்கா, “எனக்கு இதெல்லாம் வேணாம்மா, வெயில் ஏறுது” என்றார். நான் விடவில்லை. உள்ளே ஓடி அவித்த முட்டை ஒன்றை எடுத்து வந்தேன். பால்காரர் ஜாக்கியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். “ஜாக்கி, எஞ்சாமி, எந்தங்கம், வாடா” என்று கூப்பிட்டேன். முட்டையைக் காட்டினேன். அக்கா கூப்பிடவில்லை. எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பால்காரர் பட்டையை விட்டார். ஜாக்கி நேராக என்னிடம் வந்தான். என் உயிரே குளிர்ந்தது. முட்டையை என் கையிலிருந்து பூப்போல எடுத்தான். இரண்டு மெல்லு மென்று விழுங்கினான். என் விரல்களைச் சுத்தமாக நக்கினான். நக்கி முடித்ததும் திரும்பி ஒரே ஓட்டமாக அவர் பின்னால் ஓடிவிட்டான்.

பால்காரர் வண்டி சாய்கிற அளவுக்குச் சிரித்தார். ஓனரம்மா கோலப்பொடியைக் கொட்டிவிட்டார். போனுக்குள் ஒரு ரிக் வண்டி ஆட்களே சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவர்தான் திரும்பிப் பார்க்கவில்லையே.

அவர்கள் வரும்வரை கேட்டிலேயே நின்றேன். வந்ததும் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

“நாளையிலிருந்து நானே நடத்திக்கறேனுங்க்கா. உங்களுக்கு எதுக்குச் செரமம்.”

 “சரிம்மா. ரோடு சுடுதான்னு மட்டும் பாத்துக்கங்க” என்றார். படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் கயிற்றோடு கேட்டைத் திறந்தேன். முனையில் இரண்டு தெருநாய்கள் படுத்திருந்தன. கேட்டை மூடினேன். அதற்கடுத்த நாள் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அவர் எங்கள் கேட்டைத் தாண்டித் தனியாக நடந்து போவார். இந்தப் பக்கம் ஒரு பார்வை இருக்காது. ஜாக்கி கேட்டுக் கம்பியில் மூக்கை நுழைத்து, அந்த முதுகு மறைகிற வரைக்கும் அழுவான். நாய் அழுவதைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும். முன்னங்காலை மறுபடி நக்க ஆரம்பித்தான். முட்டை அவித்து வைத்தால் தின்றான். தின்றுவிட்டு கேட்டுக்கே போனான்.

ஒரு காலை குப்பை வண்டிக்காகக் கேட்டைத் திறந்தேன். என் இடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தான். “ஜாக்கி, ஜாக்கி” என்று கத்திக்கொண்டு குப்பைக் கூடையோடு ஓடினேன். செருப்பில்லை. தண்ணீர் டேங்க்குக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை ஜாக்கியின் கழுத்தில் சுற்றிப் பிடித்திருந்தார். அவன் வாலால் அவர் முழங்காலை அடித்துக்கொண்டிருந்தான்.

“நான் கூப்பிடலம்மா” என்றார்.

“தெரியுங்க்கா.”

“கயிறு கொண்டாந்தீங்களா?”

“இல்லீங்க.”

“வீட்டைப் பூட்டுனீங்களா?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கேட்டு, கதவு, அடுப்பில் பால், எல்லாம் திறந்து கிடந்தன. என் உயிர் போய்விட்டது. “நீங்க பாத்துக் கூட்டிட்டு வந்துருங்க்கா” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. மறுநாளிலிருந்து நானும் போனேன். வீட்டிலிருந்து டேங்க் வரைக்கும் கயிறு என் கையில். டேங்க் வந்ததும் கேஸ் ஞாபகம் வரும், பூட்டு ஞாபகம் வரும். கயிறு அவர் கைக்குப் போகும். “வாங்களேன், இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று முதல் சில நாள் கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை. நான் பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். முன்னால் ஒரு மனுஷி, பின்னால் ஒரு நாய், இரண்டு முதுகு. இரண்டில் ஒன்றாவது ஒருநாளாவது திரும்பியிருக்கலாம்.

டேங்க்குக்கு அப்பால் இருவரும் என்னதான் செய்கிறார்கள் என்று நினைத்து நினைத்தே மத்தியானம் போகும். எதையாவது வாங்கிப் போடுகிறாரோ. போடாமலா இப்படி ஓடுகிறான். வந்ததும் அவன் வாயை மோந்து பார்ப்பேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

போன வருஷம் ஆடி முடிந்ததும் அக்காவுக்கு ஓசூர்ப் பக்கம் வேறொரு காலேஜில் தங்கிப் பார்க்கிற வேலை கிடைத்தது. சாமான் அதிகமில்லை. ஆட்டோ வந்து நின்றது. நானும் ஓனரம்மாவும் ஜாக்கியும் வாசலில் நின்றோம். அக்கா ஓனரம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். என்னிடம், “வரேம்மா” என்றார். ஜாக்கியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல முடியாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

ஆட்டோக்காரர்தான் சொல்லிவிட்டார். “போலாமுங்களா?”

ஜாக்கி எழும்பினான் பாருங்கள். முன்னங்கால் இரண்டும் ஆட்டோவுக்குள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. ஓனரம்மா அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். அக்கா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆட்டோ போயிற்று. முனையில் ஒரு நொடி நின்று, அப்புறம் திரும்பியது. அந்த முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதற்காகத்தான் நின்றது என்று ஓனரம்மாவிடம் சொன்னேன்.

இனி ஜாக்கி எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்ததை மறைப்பானேன். மறுநாள் காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு நானே சொன்னேன், “போலாமா?” அவன் எழுந்து என் தோளுக்கு மேலே எதிர்வீட்டு மாடிப்படியைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாதவன் போல என்னோடு வந்தான்.

டேங்க் வந்ததும் பழக்கத்தில் நான் திரும்பினேன். ஜாக்கி உட்கார்ந்துவிட்டான். இழுத்தேன், அசையவில்லை. கேஸ் மூடினேனா என்று பார்க்க வேண்டும் என்று அவனிடமே சொன்னேன். அவன் அந்தப் பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் நானும் அந்தப் பக்கம் நடந்தேன்.

தறிக்கூடங்களின் சத்தத்தைத் தாண்டினோம். பாடி கட்டும் ஷெட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்த புது ரிக் வண்டி நின்றது. ஒரு திருப்பத்தில் சின்ன பேக்கரி. அதன் ஓரத்தில் உட்காரத் தோதாக ஒரு பலகைக் கல். ஜாக்கி நேராகப் போய் அந்தக் கல்லுக்குக் கீழே உட்கார்ந்தான்.

“அட, ஜாக்கி” என்றார் பேக்கரிக்காரர். “நேத்து காணமே சாமி.” அப்புறம் என்னைப் பார்த்தார். “நீங்க ஆருங்க?”

“இவன் எங்க ஊட்டு நாயிங்க.”

“அப்படீங்களா? இத்தன நாளா அந்தம்மா நாயின்னுல்ல நெனச்சிருந்தேன்.”

“அந்தம்மா இங்க வருவாங்களா?”

“தெனமும் வருமுங்க. ஒரு டீ, ஒரு தேங்காய் பன்னு. இந்தக் கல்லுலதான் ஒக்காரும்.”

தேங்காய் பன். என் மனசு அப்படியே துள்ளியது. நான் அப்போதே நினைத்தேன். பன் போட்டுத்தான் மயக்கி வைத்திருக்கிறார். நடையாவது ஒன்றாவது. அவரும் என்னைப் போலத்தான், தீனிதான்.

“பன்னு இவனுக்குங்களா?” என்று கேட்டேன்.

“இவனுக்கா?” பேக்கரிக்காரர் சிரித்தார். “ஒரு துணுக்கு குடுக்காதுங்க. அவனுக்கு ஆகாதும்பாங்க. அந்தம்மா திங்கும், இவன் எச்சி ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்பான். தின்னு முடிச்சதும் எந்திரிச்சு நடக்கும். இவன் பின்னாலயே போவான்.”

நான் கல்லில் உட்கார்ந்தேன். ஒரு டீ சொன்னேன். பாதி குடித்த பிறகுதான் வீட்டில் கேஸ் என்ற ஒன்று இருக்கிற ஞாபகம் வந்தது. டீயை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தேன்.

காசு கொடுக்கும்போது அவர் பேச்சோடு பேச்சாக, “கடைசி வாரத்துக் கணக்கு அந்தம்மாது நிக்குதுங்க” என்றார்.

உடனே போனை எடுத்தேன். அவர் பேரில் இந்த ரோட்டில் ஒன்றும் மீதி இருக்கக் கூடாது என்று இருந்தது. “எவ்வளவுங்க, நான் போட்டுடறேன்.”

“வேண்டாமுங்க.”

“பரவாயில்லீங்க, நானும் அவங்களும் ஒண்ணுதான்.”

“இல்லீங்க. காசில்லாம பாக்கி வெக்கலீங்க. நான் கேட்டதுக்கு, இருக்கட்டும், வந்து குடுக்கறேன்னுது. இதுக்காச்சும் ஒருக்கா இந்தப் பக்கம் வரோணுமில்ல, ஜாக்கியையும் பாத்த மாதிரி ஆச்சுன்னு சொல்லிட்டுப் போச்சு. உங்ககிட்ட வாங்கிட்டா அந்தம்மா என்னையப் பேசும்.”

ஜாக்கியை மட்டும்தான் சொன்னாரா, வேறு யாரையாவது சேர்த்துச் சொன்னாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கல் வரைக்கும் போகிறோம். நான் டீ குடிக்கிறேன், ஜாக்கி ரோட்டைப் பார்க்கிறான். என் டீக்கு அப்போதே காசு கொடுத்துவிடுவேன். அந்தம்மா வந்தாங்களா, கணக்கு தீர்ந்துதுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இல்லீங்க என்று அவர் சொல்லும்போது ஒரு பக்கம் நிம்மதியாகவும் இன்னொரு பக்கம் என்னவோ போலவும் இருக்கும்.

இன்று காலையும் கேட்டேன். நூற்று நாற்பது ரூபாய், இன்னும் நிற்கிறதாம்.